தண்ணீர் நேர்கோடு அல்ல



"உயர்தரப் பிள்ளைகளை மாவுருண்டை உருட்ட விட்டு நேரத்தை வீணாக்குறாராம்" என்று என்னைப் பற்றி ஊருக்குள் ஒரு பேச்சு. பிள்ளைகள் மீதுள்ள அக்கறையில்தான் பேசுகிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு பிழை.

ரியூசன் கொட்டிலில் தண்ணீரை எப்படி எழுதுகிறார்கள்? ஐதரசன், ஒட்சிசன், ஐதரசன் என்று ஒரே நேர்கோட்டில். காபனீரொட்சைட்டையும் அப்படித்தான். கொப்பியில் இரண்டும் ஒரே வடிவம். உண்மையில் காபனீரொட்சைட்டு நேரானது, தண்ணீர் 104.5 பாகையில் மடிந்தது. மடிந்திருப்பதால்தான் அதன் ஒரு பக்கம் சிறிது மறையேற்றமும் மறுபக்கம் சிறிது நேரேற்றமும் கொள்கிறது. அதனால்தான் அதில் உப்புக் கரைகிறது. தோட்டத்துக்குப் போடும் உரத்தின் நைதரேற்றுக் கரைந்து நம் கிணற்றுக்கு வருவதும், எண்ணெய் கரையாமல் மேலே மிதப்பதும் அதனால்தான். நாம் குடிக்கும் தண்ணீரின் கதையே அந்த மடிப்பில் இருக்கிறது. அதைக் கொப்பிக் கோடு மறைத்துவிடுகிறது.

அப்படியென்றால் குண்டும் ஈர்க்கும் மட்டும் போதுமா? போதாது. 1865இல் இலண்டனில் ஹொஃப்மன் விளையாட்டுப் பந்துகளைக் கம்பியில் கோத்து மூலக்கூறுகளைக் காட்டினார். காபனுக்குக் கறுப்பு, ஒட்சிசனுக்குச் சிவப்பு என்று நாம் இன்றும் வைக்கும் நிறங்கள் அவருடையவை. ஆனால் அவருடைய மெதேன் தட்டையாக இருந்தது! அது நான்முகி வடிவம் என்ற கருத்து 1874இல்தான் வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்துக்கு 1954இல் மூன்று இழை மாதிரி ஒன்றை முன்வைத்தார்கள். அதில் சில அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கி நிற்கின்றன என்று வெளிநாட்டு அறிஞர்கள் குறை சொன்னார்கள். இராமச்சந்திரன் சோர்ந்துவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்று குழுவினரோடு கணக்கிட்டார். 1963இல் வெளிவந்த அந்த வரைபடம் இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரால் வழங்குகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். லூயிஸ் கட்டமைப்பு இலத்திரன்களை எண்ணிக் காட்டும், வடிவத்தைக் காட்டாது. குண்டும் ஈர்க்கும் கோணத்தைக் காட்டும், அணுவின் பருமனைக் காட்டாது. ஒன்றோடொன்று ஒட்டிய பெரிய உருண்டைகள் பருமனைக் காட்டும், கோணத்தை மறைக்கும். எந்த மாதிரியும் மூலக்கூறு அல்ல. எது எதை மறைக்கிறது என்று அறிந்த பிள்ளைதான் இரசாயனவியல் படித்த பிள்ளை.

"சோதனைக்கு மாவுருண்டை வராதே?" வராது. ஆனால் நோட்ஸில் இல்லாத மூலக்கூறு வரும். அட்டவணையைப் பாடமாக்கிய பிள்ளை அங்கே திகைத்து நிற்கும். வடிவத்தைக் கையில் பிடித்துப் பார்த்த பிள்ளை யோசித்து எழுதும். கடந்தகால வினாத்தாள் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்காக ஆய்வுகூட அலுமாரியைப் பூட்டி வைக்காதீர்கள் என்கிறேன்.

வாப்பாமாரே, உம்மாமாரே, இன்றிரவு ரொட்டிக்குக் குழைக்கும் மாவில் மூன்று உருண்டையும் இரண்டு ஈர்க்கும் பிள்ளையிடம் கொடுங்கள். தண்ணீரைச் செய்யச் சொல்லுங்கள். நேராகக் குத்தினால், மாதக் கட்டணம் எதற்குக் கொடுக்கிறோம் என்று யோசியுங்கள். மடித்துக் குத்தினால், "ஏன் மடித்தாய்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலில் தெரிந்துவிடும், நேரத்தை வீணாக்குவது யார் என்று.