விட்டுடுன்னு சொல்றவங்களுக்கு

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய், காபி குடித்துவிட்டு, "எல்லாத்தையும் அவன்கிட்ட விட்டுடும்மா, அவன் பாத்துப்பான்" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கடுப்பு. இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி, அதனால கொட்டித் தீர்த்துடறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் நாத்திகன் இல்லைங்க. தினமும் திருநீறு பூசிக்கொண்டுதான் லேப்டாப் பையைத் தூக்குகிறேன். ரிலீஸ் போற ராத்திரி பிள்ளையாரைக் கூப்பிடாத சாஃப்ட்வேர்காரன் எவனாவது இருந்தா கையைத் தூக்கச் சொல்லுங்க. பிரார்த்தனையோடு எனக்குச் சண்டை கிடையாது. சரணாகதி என்கிற பெரிய வார்த்தையை அடுத்தவன் தலையில் கட்டுறாங்க பாருங்க, அதோடதான்.

சொந்தத்தில் ஒரு அக்கா. அத்தானுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரம் மூணு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். போக வர, பெட்டுக்குக் காத்திருக்க எல்லாம் சேர்த்தால் ஒரு நாள் பொழுது காலி. குடிக்கிற தண்ணியை அளந்து ஊத்தணும். காய்கறியை நறுக்கி நிறையத் தண்ணியில் வேகவைத்து, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுத்தான் சமைக்கணும், பொட்டாசியம் குறையறதுக்காக. இளநீர், வாழைப்பழம் எல்லாம் கூடாது. பொட்டாசியம் ரொம்ப ஏறினால் இதயமே நின்று போகலாம்.

இந்த வீட்டுக்கு ஒரு பெரியவர் பழனி பஞ்சாமிர்தத்தோடு வந்தார். "ரெண்டு ஸ்பூன் குடும்மா, பிரசாதம் ஒண்ணும் பண்ணாது. முருகனை விட டாக்டர் பெரிய ஆளா?" என்றார். பஞ்சாமிர்தம்னா என்னங்க? வாழைப்பழம், பேரீச்சை, வெல்லம். அக்கா ஒண்ணும் பேசவில்லை. டப்பாவை வாங்கிக் கண்ணில் ஒத்திக்கொண்டு முருகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். அத்தானுக்குத் திருநீறு மட்டும் பூசிவிட்டாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பசங்க டப்பாவைக் காலி பண்ணிட்டாங்க. பெரியவருக்கு முகம் சுருங்கிப்போச்சு. அக்காவுக்கு நம்பிக்கை பத்தலையாம்! வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்ட ஆள் இல்லையேன்னு கேட்டதுக்கு, அவருக்கு அன்னிக்கு ஏதோ ரிசப்ஷனாம்.

அக்கா காலையில் அஞ்சு மணிக்கு விளக்கேற்றி என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஒரு வாரம் அங்கே தங்கியிருந்தேன். "ஊசி ஒழுங்கா ஏறணும் முருகா. பாதியில பிரஷர் இறங்கிடக் கூடாது." அவ்வளவுதான். எழுந்து ஃபைலைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். தன் கையில் இருப்பதை முழுசாகச் செய்துவிட்டு, இல்லாததை மட்டும் ஒப்படைக்கிறாள். இவளுக்குப் போய் சரணாகதி கிளாஸ் எடுக்கிறார்கள்.

நம்ம ஆசாரியர்கள் இந்தச் சரணாகதியை எவ்வளவு கறாராக வரையறுத்திருக்கிறார்கள் தெரியுமா? வைணவத்தில் அதற்கு ஆறு அங்கம் சொல்வார்கள். அதில் ஒன்று கார்ப்பண்யம், அதாவது தனக்கு வேறு கதியில்லை என்கிற தாழ்ச்சி. இன்னொன்று ஆத்ம நிக்ஷேபம், தன்னை ஒப்படைப்பது. தன்னைங்க, பக்கத்து வீட்டு அம்மாவை இல்லை. வடகலைக்கும் தென்கலைக்கும் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி சண்டை உண்டே, குட்டி தாயைப் பிடிச்சுக்கணுமா, தாயே கவ்விக்கொண்டு போகுமா என்று? ரெண்டு கட்சியிலும் தாயும் குட்டியும்தான். ஓரமா நின்னு "விட்டுடு, விட்டுடு"ன்னு கத்துற மூணாவது ஆளைப் பத்திப் பேச்சே இல்லை. ஆசாரியன் சிஷ்யனுக்காகச் சரணாகதி பண்ணுவாரே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். பண்ணுவார். அவரே பெருமாள் முன்னால் நின்று பண்ணுவார், காபியைக் குடிச்சிட்டுக் கிளம்ப மாட்டார்.

ராமரே கடலரசனிடம் சரணடைந்து மூணு நாள் தர்ப்பைப் புல்லில் கிடந்தார். திருப்புல்லாணியில் இன்றைக்கும் தர்ப்பசயன ராமர் சந்நிதி இருக்கிறது. ஒண்ணும் நடக்கலை. வில்லை எடுத்த பிறகுதான் கடலரசன் ஓடி வந்தான். அப்புறமும் வானரங்கள் கல்லும் மரமும் சுமந்து பாலம் கட்ட வேண்டியிருந்தது.

அப்பரை எடுத்துக்குங்க. சூலை நோய் தாங்காமல் திருவதிகைக்கு வந்தவர், வலி தாங்கலை, தீர்த்து வை என்றுதான் கேட்டார். அதே ஆள் பல்லவ ராஜா கூப்பிட்டு அனுப்பினப்ப வரமாட்டேன்னுட்டார். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லில் கட்டிக் கடலில் போட்டது எல்லாம் அதுக்கப்புறம். அவர் சிலையைக் கவனிச்சிருக்கீங்களா? கோயில் புல்லைச் செதுக்குற உழவாரப்படை இல்லாம பார்க்கவே முடியாது.

பெரிய மனிதர்களுக்கே இதில் சறுக்கியிருக்கிறது. 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பூகம்பம். அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமை ஒழியணும்னு அவர் பட்ட பாட்டை நான் குறை சொல்லலை. ஆனா இடிஞ்சு விழுந்த சுவர் ஜாதி பார்த்தா விழுந்தது? தாகூர் மறுத்து எழுதினார். காந்தி அதைத் தன் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டு, பதிலும் எழுதினார். கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. நான் தாகூர் கட்சி. என் தலையில் விழுந்த கல்லை அவன் சித்தம்னு ஏத்துக்கிற உரிமை எனக்கு உண்டு. உங்க தலையில விழுந்ததுக்கு அர்த்தம் சொல்ல நான் யாருங்க?

"ஆறுதலுக்குச் சொல்றதுதானேப்பா, வேற என்ன சொல்றது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சில சமயம் செய்வதற்கு நிஜமாகவே ஒண்ணும் மிச்சம் இருக்காது. டாக்டர் கையைக் கழுவிட்டுப் போயிருப்பார். அந்த நேரத்தில் ஐசியு வாசலில் உட்கார்ந்திருப்பவர் தானாகவே கண்ணை மூடிக்கொண்டு "நீயே பாத்துக்கோ" என்று சொல்லுவார். நாம எடுத்துக் கொடுக்க வேண்டியதே இல்லை. போனை சைலண்ட்ல போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்தா போதும். செருப்பை மட்டும் எங்க கழட்டினோம்னு ஞாபகம் வச்சுக்குங்க, ஐசியு வாசல்ல அடிக்கடி மாறிப் போகுது.