ஆர்வம் இல்லையா, முன்பணம் இல்லையா?

"எக்ஸ்சேஞ்ச் புரோகிராமுக்கு உங்க பசங்க யாரும் அப்ளை பண்றதே இல்லையே, ஆர்வம் இல்லை போல." பட்டியலினத்து மாணவர்களைப் பற்றிக் கல்லூரி நிர்வாகத்தினர் வாயிலிருந்து இதைப் பலமுறை கேட்டுவிட்டோம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை எந்தப் பொறியியல் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்தாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயர்களும் கொடிகளும் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கொடிகளுக்கு அடியில் படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அங்கே போய் ஒரு செமஸ்டர் படித்தார்கள் என்று கேட்டால்தான் இந்த 'ஆர்வம்' என்ற பதில் வருகிறது.

இந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. ஏற்காததற்கான காரணத்தை ஒரு பட்டியலாகவே போட்டுக் காட்ட முடியும்.

முதலில் எக்ஸ்சேஞ்ச் என்றால் என்னவென்று தெளிவாகச் சொல்லிவிடுவோம். இது வெளிநாட்டில் போய்த் தனியாகப் பட்டம் வாங்குவது அல்ல. இங்கே படிக்கும் அதே பட்டத்தில் ஒரு செமஸ்டரையோ ஓர் ஆண்டையோ ஒப்பந்தம் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்புவது. வழக்கமாகக் கல்விக் கட்டணத்தை இங்கேயே கட்டினால் போதும், அங்கே கேட்கமாட்டார்கள். அங்கே எடுத்த கிரெடிட்டை இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். கேட்பதற்கு ஏழைக்கும் எட்டுகிற மாதிரி இருக்கும்.

எட்டுகிறதா? வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்த வழி முழுவதையும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. அமெரிக்காவில் அத்தை மகன், ஜெர்மனியில் அண்ணன், அண்ணா நகரில் பணம் வாங்கிக்கொண்டு எல்லாம் செய்து தரும் கன்சல்டன்சி. எந்த மாதத்தில் எந்தப் படிவம், எந்தக் கடிதத்தை யாரிடம் முதலில் வாங்க வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கும் அப்பாவுக்கும், வீட்டுவேலைக்குப் போகும் அம்மாவுக்கும் பிறந்து, குடும்பத்திலேயே முதலாவதாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைக்கு அந்தப் பேச்சு எங்கே கிடைக்கும்? சொத்தைப் போலவே இந்தத் தகவலும் சாதிக்குள்ளேயே கைமாறுகிறது.

அதனால் அம்பத்தூரில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில், மூன்று மாணவர்களுக்காக இந்த வழியை நாங்களே வரைந்து பார்த்தோம். அதற்கு எடுத்துக்கொண்டது 'டாஸ்க்வாரியர்' என்ற இலவச மென்பொருள். 2008 முதல் இருந்துவருகிறது. படம், பட்டன், மவுஸ் எதுவும் இதில் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும், பதிலும் எழுத்தாகவே வரும். கமாண்ட் லைன் கருவி என்பார்கள். இணையம் இல்லாமலும் ஓடும். கணக்கு திறக்கவோ சந்தா கட்டவோ வேண்டாம். எழுதியதெல்லாம் நம் கணினியிலேயே இருக்கும்.

இதை ஏன் எடுத்தோம் என்றால், எங்களிடம் இருந்தது பழைய அரசு லேப்டாப். 2011 செப்டம்பரில் திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த வரிசையில் வந்த பெட்டிகள் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. புதிய மென்பொருள்கள் அவற்றில் மூச்சு வாங்கும். ஆனால் லினக்ஸைப் போட்டுக் கறுப்புத் திரையைத் திறந்தால் இந்தக் கருவி தடையில்லாமல் ஓடுகிறது. பரணிலிருந்து இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். கடைசித் தேதி கொடுக்கலாம். எங்களுக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு வசதி: 'இந்த வேலை முடிந்தால்தான் அந்த வேலையைத் தொடங்க முடியும்' என்று இரண்டு வரிகளை முடிச்சுப் போடலாம். அதற்கு 'டிபெண்ட்ஸ்' என்று ஒரு சொல் போதும். பிறகு 'ரெடி' என்று கேட்டால் இன்றைக்குச் செய்யக்கூடியதை மட்டும் காட்டும். 'பிளாக்ட்' என்று கேட்டால் எவையெல்லாம் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று காட்டும். 'பிளாக்கிங்' என்று கேட்டால் யார் வழியை மறிக்கிறார்கள் என்று காட்டும்.

ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர் என்று வைத்து எழுதத் தொடங்கினோம். விமான டிக்கெட் விசாவைச் சார்ந்தது. விசாவுக்கு அங்குள்ள பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம், மருத்துவக் காப்பீடு, செலவுக்குப் பணம் இருக்கிறது என்ற சான்று மூன்றும் வேண்டும். அனுமதிக் கடிதம் வர, நம் கல்லூரி அந்த மாணவரின் பெயரைப் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1500 ரூபாய், அமைந்தகரை சேவை மையத்துக்கு ஒரு நாள், பிறகு போலீஸ் விசாரணை. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரின் ஒரே இனிஷியலோடு பள்ளியில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு இதுவே தனி வேலை.

கிரெடிட் கணக்கு இன்னொரு முடிச்சு. ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். நம் கல்லூரியின் கணக்கு வேறு. அங்கே எந்தப் பாடம் எடுத்தால் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று துறைத்தலைவர் போவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். 'போய்ட்டு வா, பார்த்துக்கலாம்' என்ற வாய்வார்த்தையை நம்பிப் போனால், திரும்பிவந்து அரியர் எழுத வேண்டியதுதான். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அது ஆறு மாதத் தாமதம். உதவித்தொகையை நம்பிப் படிக்கும் பிள்ளைக்கு அது படிப்பே நின்றுபோகிற ஆபத்து.

முப்பது சொச்சம் வரிகள் வந்தன. மாணவர்கள் தங்கள் கையில் இருந்தவற்றை வேகமாக முடித்தார்கள். பாஸ்போர்ட் வந்தது. மதிப்பெண் சான்றுகள் திரட்டியாயிற்று. விருப்பக் கடிதத்தை நான்குமுறை திருத்தி எழுதினார்கள். பாடங்களை ஒப்பிட்டு அட்டவணை போட்டார்கள். ஒரு கட்டத்தில் 'ரெடி' என்று தட்டியபோது திரையில் இரண்டே வரிகள் வந்தன: கல்லூரியின் பரிந்துரை, பணச் சான்று. மீதி எல்லாம் அவற்றுக்குப் பின்னால் முட்டி நின்றன. அந்த இரண்டில் ஒன்றுகூட மாணவர் கையில் இல்லை.

ஆர்வம் இல்லை என்று சொன்னவர்கள் இந்தத் திரையைப் பார்க்க வேண்டும்.

பணச் சான்றின் கணக்கைப் பாருங்கள். ஜெர்மன் விசாவுக்கு மாணவர் மாதம் 992 யூரோ வீதம் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள தொகை இது. ஐந்து மாதத்துக்கு 4960 யூரோ. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்தாலும் ஐந்து லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. இதைப் புறப்படுவதற்கு முன்பே, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு ஒன்றில் மொத்தமாகப் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதாமாதம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம். அந்த வரம்பின் உச்சியில் இருக்கும் குடும்பமே இரண்டு ஆண்டு ஒரு வேளையும் சாப்பிடாமல், வாடகை கட்டாமல் சேர்த்தால்தான் இந்தத் தொகை வரும்.

வங்கியில் பணம் போட முடியாதவர்களுக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது. ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் 'இவர் செலவுக்கு நான் பொறுப்பு' என்று அங்குள்ள அலுவலகத்தில் உறுதிப் பத்திரம் எழுதித் தரலாம். அதாவது, அந்த அத்தை மகனுக்கும் அண்ணனுக்கும் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நம் பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? மூன்றாவது வழி, உதவித்தொகைக் கடிதம். நமக்குத் திறந்திருப்பது அது ஒன்றுதான்.

'அரசுதான் எத்தனையோ உதவித்தொகை தருகிறதே' என்பார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இந்தியாவுக்குள் படிப்பதற்கு மட்டும். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும். நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அதிலும் 2025 ஜூலையில் என்ன நடந்தது? தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் போனது. மற்றவர்களுக்கு 'நிதி இருந்தால்' என்று சொல்லப்பட்டது. மாநில அரசின் அயலக உயர்கல்வி உதவியும் முதுகலையிலிருந்துதான் தொடங்குகிறது. இளங்கலையில் ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் போகும் பட்டியலின மாணவருக்கு இவற்றில் எதிலும் இடம் இல்லை.

எங்கள் மூவரில் ஒருவருக்கு மதிப்பெண்ணின் பேரில் கல்லூரியின் பரிந்துரையே கிடைத்தது. பணச் சான்று காட்ட முடியாமல் அவர் இடத்தைத் திருப்பிக் கொடுத்தார். கல்லூரிப் பதிவேட்டில் அவர் 'விலகிக்கொண்டவர்'. அடுத்த ஆண்டு யாராவது கேட்டால் அதுவும் ஆர்வமின்மைக் கணக்கில்தான் சேரும்.

நூறு ஆண்டுக்கு முந்தைய கதையும் இதுதான். 1913இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போக முடிந்தது பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுக்கு உதவித்தொகை கொடுத்ததால். 1917இல் அந்த உதவி முடிந்தபோது, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் திரும்ப வேண்டியிருந்தது. 1920இல்தான் மறுபடி போக முடிந்தது. அந்த மூன்று ஆண்டில் அவர் அறிவு குறைந்துவிட்டதா, ஆர்வம் குறைந்துவிட்டதா? பணம் நின்றது, படிப்பு நின்றது.

கருவி வந்தால் சமத்துவம் வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கறுப்புத் திரை யாருக்கும் ஐந்து லட்சம் தராது. பரிந்துரைக் குழுவில் உட்கார்ந்து 'இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறுது' என்று நம் பிள்ளையைக் கழிப்பவரையும் அது மாற்றாது. அது செய்வது ஒன்றே ஒன்று: எந்த வரியில், யாரால், எத்தனை நாளாக முட்டி நிற்கிறது என்று எழுதிக் காட்டும். குறையைப் பிள்ளையின் மேல் போடுவதற்கு அதன்பின் யாருக்கும் வழி இல்லை.

எனவே நாம் கேட்பது இவை. ஒவ்வொரு கல்லூரியும் எந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம், எத்தனை இடம், கடைசி நாள் எது, இதுவரை யார் யார் எந்தப் பிரிவிலிருந்து போனார்கள் என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பரிந்துரை இடங்களில் இடஒதுக்கீடு வேண்டும். கிரெடிட் ஈடு பற்றிய எழுத்துப்பூர்வ ஒப்புதல் புறப்படும் முன்பே மாணவர் கையில் இருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கும் ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகைக் கடிதம் தர வேண்டும். அதுவும் விசாவுக்கு முன்பே. 'போய்ட்டு வந்து பில் கொடு' என்ற திட்டம் நமக்கு உதவாது. நான் முதல்வன் திட்டத்தில் 2024இல் மாணவர்களை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் வரை குறுகிய காலப் பயிற்சிக்கு அனுப்பிய அரசுக்கு, முன்கூட்டியே செலவழிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் முதலாம் ஆண்டிலேயே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். குறைந்தது ஒன்றரை ஆண்டுக்கு முன்பே பட்டியலைத் தொடங்குங்கள். பழைய லேப்டாப் இல்லையென்றால் நோட்டுப் புத்தகம் போதும், முடிச்சுகளை மட்டும் மறக்காமல் போடுங்கள். உங்கள் வரிகளை முடித்துவிட்டு, மீதி வரிகளை அச்செடுத்து முதல்வர் மேசையிலும் நலத்துறை அலுவலகத்திலும் வையுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் கேட்டு வாங்குங்கள்.

ஜெய்பீம்.