'உப்பு ஏறிவிட்டது' என்னும் சொல்

பரிசோதனைச் சீட்டை ஏந்தி எங்கள் அறைக்குள் வருவோரில் பலர், "ஐயா, இரத்தத்தில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது?" என்றே முதலில் கேட்கின்றனர். கிரியாட்டினினுக்கு நம் பக்கத்தில் 'உப்பு' என்று பெயர் அமைந்துவிட்டது. எளிதில் விளங்கட்டும் என்று மருத்துவர்களாகிய நாங்களே அப்பெயரைப் பரப்பினோம். அது தவறு என்று இப்போது கருதுகிறோம். களம்பூர், ஆரணி வட்டாரத்துக் குடும்பங்கள் சில, குழம்பில் உப்பை அறவே நீக்கிவிட்டு, முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் தாமே வாங்கிய மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்கி வருவதைக் காண்கிறோம். கெடுதல் செய்வது அந்த மாத்திரையாக இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

கிரியாட்டினின் சமையல் உப்பு அன்று. தசைகளில் நாள்தோறும் உண்டாகும் ஒரு கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வடிகட்டும் திறன் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு உயர்கிறது. உணவில் உப்பைக் குறைப்பது இரத்த அழுத்தத்திற்கு நல்லதுதான். ஆனால் இந்த எண்ணை அது நேரே இறக்கிவிடாது.

எங்களுக்குப் பெரிய மனக்குறை சீட்டில் அச்சாகும் 'இயல்பு அளவு' என்னும் வரியின் மீதே. 25 வயது இளைஞர் ஒருவருக்கும், வீட்டில் தார் சுற்றும் 65 வயது அம்மையார் ஒருவருக்கும் கிரியாட்டினின் 1.2 என்றே வந்ததாகக் கொள்வோம். பல ஆய்வகங்களின் சீட்டில் இரண்டும் இயல்பு என்றோ, ஏறத்தாழ இயல்பு என்றோ தோன்றும். வயதையும் பாலினத்தையும் சேர்த்து 2021ஆம் ஆண்டுச் சூத்திரப்படி கணக்கிட்டால், இளைஞரின் வடிகட்டும் வேகம் 86, அம்மையாருடையது 50. இது 60க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்கிறோம். தசை குறைந்த மெலிந்த உடலில் கழிவும் குறைவாகவே உண்டாகும். ஆகவே எண் அழகாகத் தெரியும், சிறுநீரகம் தேய்ந்திருக்கும். ஆண்டுக்கணக்காகக் குழித்தறியில் அமர்ந்து மெலிந்துபோன முதியவர்களிடம் இதனை நாங்கள் மீண்டும் மீண்டும் காண்கிறோம். இ.ஜி.எஃப்.ஆர். எனப்படும் இந்தக் கணக்கை ஒவ்வொரு ஆய்வகமும் சீட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அச்சிடாவிடில் நீங்கள் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

எதிர்ப்புறமான அச்சமும் உண்டு. சென்ற மாதம் 1.1, இம்மாதம் 1.2 என்றதும் உறங்காமல் வருவோர் இருக்கின்றனர். அவ்வளவு வேறுபாடு பரிசோதனையிலேயே நேரக்கூடும். முந்தைய நாள் இரவு நிறைய இறைச்சி உண்டாலும், வயிற்றுப்போக்கினால் நீர் வற்றினாலும் எண் சற்று ஏறும். ஆகையால் உயர்ந்த எண் ஒன்றைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதாமல் மறுபடியும் சோதித்துப் பார்க்கிறோம். ஆனால் சிறுநீர் திடீரெனக் குறைந்தாலோ, முகமும் கால்களும் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ மறுசோதனைக்கு நாள் குறித்துக் காத்திராமல் உடனே வந்துவிட வேண்டும்.

இரத்தச் சோதனை மட்டும் போதாது. சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம், அது வெளிப்படலாம். சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே.மணி, கிராமங்களில் வீடு வீடாகச் சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதிக்கச் செய்து, விலை குறைந்த மருந்துகளாலேயே நோயைத் தடுக்க முயன்றார். பெரிய கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அத்தகைய சோதனை நம் நெசவாளர் தெருக்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் வர வேண்டும் என்று விரும்புகிறோம்.

தறியை விட்டு எழ நேரும் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கத்தையும், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளைச் சீட்டின்றி வாங்கும் பழக்கத்தையும் கைவிடுங்கள். (ஏற்கெனவே நோய் உறுதியானவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.) வலிக்கு வேறு வழிகள் உள்ளன, அவற்றைப் பேச எங்களுக்கு நேரம் உண்டு.

அடுத்த முறை வரும்போது பழைய சீட்டுகள் அனைத்தையும், வெறும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். மேசைமீது அவற்றைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்ப்பதில் இருந்தே எங்கள் வேலை தொடங்குகிறது.