பட்டியல் பரிந்துரை ஆகாது

நாம் வாழும் சங்கரன்கோவிலின் தலபுராணம் ஒரு வாக்குவாதத்தில் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்று இரு நாக அரசர்கள். ஒருவனுக்குச் சிவனே பெரியவன். மற்றவனுக்குத் திருமாலே பெரியவன். வழக்கு தீரவில்லை. கோமதியம்மன் தவமிருந்து வேண்ட, பாதி சிவனும் பாதி திருமாலுமாக இறைவன் காட்சி தந்தான் என்பது கதை. ஆடித்தபசு அன்று ஊரே திரண்டு நின்று அக்காட்சியைக் காண்கிறது. 'எது பெரிது' என்ற கேள்விக்கு இத்தலம் சொன்ன விடை, அந்தக் கேள்வியே பிழை என்பதுதான்.

நம் திரைப்பட ஆர்வலர்களுக்கு அந்த விடை இன்னும் எட்டவில்லை. அறிவியல் புனைவுத் திரைப்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், 'தலைசிறந்த ஐம்பது', 'வாழ்நாளில் பார்த்தே தீர வேண்டிய நூறு' என்று பட்டியல்கள் வந்து விழுகின்றன. முதலிடம் குப்ரிக்குக்கா தார்க்கோவ்ஸ்கிக்கா என்று சங்கனும் பதுமனும் மீண்டும் மல்லுக்கு நிற்கின்றனர். இதை ரசனைப் பகிர்வு என்று அவர்கள் அழைக்கிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

அண்மையில் தமிழிலக்கியம் பயிலும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் நம்மிடம் ஒரு தாளை நீட்டினார். விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவரின் மகன். அவர் வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள். தாளில் ஐம்பது படங்களின் பெயர்கள். எங்கோ கண்டு தம் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"ஐயா, அம்பது படம் போட்டிருக்காவ. மூணு பாத்துட்டேன். ஒண்ணும் வெளங்கல. நமக்குத்தான் மூளை காணாது போலிருக்கு" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் நம்மை உறங்கவிடவில்லை. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968), 'சோலாரிஸ்' (1972), 'பிளேடு ரன்னர்' (1982) என்று நீண்ட அத்தாளில் எண், பெயர், ஆண்டு ஆகியவற்றைத் தவிர வேறொரு சொல் இல்லை. ஏன் பார்க்க வேண்டும் என்ற காரணம் இல்லை. எந்த இடத்தில் பொறுமை வேண்டும் என்ற எச்சரிக்கை இல்லை. எதைத் தெரிந்துகொண்டு பார்க்கலாம் என்ற கைப்பிடி இல்லை. விருந்துக்கு அழைத்துப் பந்தியில் அமர்த்தி, இலை போட்டு, பதார்த்தங்களின் பெயர்களை மட்டும் வாசித்துவிட்டுப் போனால் அதற்குப் பெயர் விருந்தா? பசியோடு எழுந்தவன் தன் வயிற்றைத்தான் குறை சொல்லிக்கொள்வான். நம் மாணவர் தம் மூளையைக் குறை சொல்லிக்கொண்டார்.

பரிந்துரை என்ற சொல்லிலேயே பரிவு இருக்கிறது. பரிந்து உரைப்பது. எதிரில் இருப்பவர் யார், அவர் எங்கிருந்து வருகிறார் என்று ஒரு நொடியேனும் எண்ணிப் பார்க்காமல் பரிந்துரை செய்ய முடியாது. பட்டியலுக்கு அந்தத் தேவையில்லை. 'இத்தனை படங்களை நான் பார்த்திருக்கிறேன்' என்பதுதான் பல பட்டியல்களின் ஒரே செய்தி. அது சுயவிவரக் குறிப்பு. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அடுத்து மொழி. டப்பிங் என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. தமிழ் பேசும் 'அவதார்' (2009) படத்தைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பார்த்ததே கணக்கில் வராது என்பார்கள். மூலத்தில் பார்க்க வேண்டுமாம். நல்லது. 'சோலாரிஸ்' படத்தை இவர்கள் எந்த மொழியில் பார்த்தார்கள்? ஸ்தனிஸ்லாவ் லெம் போலந்து மொழியில் நாவலாக எழுதியதைத் தார்க்கோவ்ஸ்கி ரஷ்ய மொழியில் படமாக்கினார். நம் நண்பர்கள் ஆங்கில சப்டைட்டிலோடு அதைப் பார்த்தனர். கதை ஏற்கெனவே மூன்று மொழிகளைக் கடந்துவிட்டது. அதுவரை தூய்மை கெடவில்லை. நான்காவதாகத் தமிழுக்கு வரும்போது மட்டும் கெட்டுவிடுகிறதா? இவர்கள் காப்பது மூலத்தை அன்று, ஆங்கிலத்தை.

இதைப் படிப்பவர்கள் இலக்கிய வாசகர்கள் என்பதால் ஒன்றை நினைவூட்டலாம். தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்', தல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு' ஆகியவற்றை நம்மில் பெரும்பாலோர் ரா. கிருஷ்ணையாவின் தமிழில்தான் படித்தோம். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டுக் குறைந்த விலைக்கு அனுப்பிய அந்நூல்கள் சிற்றூர் நூலகங்கள் வரை வந்து சேர்ந்தன. ரஷ்ய மொழி தெரியாதவனுக்குத் தல்ஸ்தோய் கிடையாது என்று அன்று யாரும் கதவடைக்கவில்லை. கதவடைத்திருந்தால் இன்று நம்மில் பலர் எழுதவே வந்திருக்க மாட்டோம். நமக்குத் திறந்துவிடப்பட்ட கதவை நமக்குப் பின்னால் வருபவர் முகத்தில் சாத்துவது எந்த அறம்? மொழிமாற்றத்தில் மோசமானவை உண்டுதான். மோசமான மொழிபெயர்ப்பு நூல்களும் உண்டு. அதற்கு மருந்து நல்ல மொழிபெயர்ப்பே, மொழிபெயர்ப்பை இகழ்வதன்று.

இப்பட்டியல்களின் இன்னொரு நோய் மறதி. நம் மாணவர் கொண்டுவந்த ஐம்பதில் தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. 2018இல் 'டிக் டிக் டிக்' வெளிவந்தபோது 'இந்தியாவின் முதல் விண்வெளித் திரைப்படம்' என்று விளம்பரம் செய்யப்பட்டது. மறுத்துச் சொன்னவர் மிகச் சிலர். அ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த 'கலை அரசி' 1963இல் வந்த படம். யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. நிலவில் மனிதன் கால் வைக்க இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. அக்கதையில் வேற்றுக் கோளினர் பூமிக்கு வருவது பொன்னுக்காகவோ நீருக்காகவோ அன்று. தம் கோளில் இசை கற்பிக்க ஒரு பாடகியைத் தேடி வருகிறார்கள். பறக்கும் வண்டியைக் கட்டத் தெரிந்தவர்களுக்குப் பாடத் தெரியவில்லை! அறிவியல் வளர்ந்து கலை வளராத ஓர் உலகம் எப்படி இருக்கும் என்ற கேள்வி அதற்குள் கிடக்கிறது. இன்றைய கண்ணுக்கு அப்படத்தின் அரங்கமைப்பு சிரிப்பை வரவழைக்கலாம். கேள்வி சிரிப்புக்குரியதன்று. இவ்வளவு சொல்லி அப்படத்தைப் பார்க்கச் சொன்னால் அது பரிந்துரை.

இதைச் சொன்னதும் எதிர்முனையிலிருந்து ஒரு கூட்டம் கைதட்டும் என்பதையும் அறிவோம். 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது, புட்பக விமானம் இல்லையா' என்பார்கள். அவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. சீவக சிந்தாமணியில் மயிற்பொறி வருகிறது. கருவுற்ற அரசி விசயை தப்பிச் செல்வதற்காகச் சச்சந்தன் அமைத்த பறக்கும் எந்திரம் அது. ஏறவும் இறங்கவும் அதை எப்படித் திருக வேண்டும் என்பதுவரை புலவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். பகைவனின் வெற்றி முரசு கேட்டு அரசி மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். தமிழன் விமானம் ஓட்டினான் என்பதற்கு இது சான்றாகாது. எந்திரம் சரியாக இருந்தும் அதில் அமர்ந்த மனம் தளர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு தமிழ்ப் புலவர் கேட்டார் என்பதற்கே சான்று. அறிவியல் புனைவை நேசிப்பவருக்கு அதுவே போதும். பெருமை பேசுபவர் எந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைச் சுடுகாட்டில் விட்டுவிடுகிறார்.

சரி, எப்படித்தான் பரிந்துரைப்பது? நாம் செய்து பார்த்ததைச் சொல்கிறோம்.

மாணவரின் தாளில் 'அரைவல்' (2016) இருந்தது. பார்த்தும் விளங்காத மூன்றில் அதுவும் ஒன்று. டெட் சியாங்கின் சிறுகதையிலிருந்து டெனி வில்நெவ் எடுத்த படம். பூமிக்கு வந்த வேற்றுயிர்களின் மொழியைக் கற்க ஒரு மொழியியலாளர் முயல்கிறார். கற்கக் கற்க, காலத்தை அவர் உணரும் விதமே மாறிவிடுகிறது. நாம் அவரிடம் படத்தைப் பற்றிப் பேசவில்லை. "தம்பி, நன்னூலில் கால வழுவமைதி படித்தீர்களே, நினைவிருக்கிறதா?" என்று கேட்டோம். உண்ண அழைக்கும் தாயிடம், இருந்த இடத்தை விட்டு அசையாதவன் 'இதோ வந்துட்டேன்' என்கிறான். நிகழாததை நிகழ்ந்ததாகச் சொல்கிறான். விரைவு, மிகுதி, தெளிவு போன்ற காரணங்களால் காலம் மயங்கி வரலாம் என்று இலக்கணம் அதற்கு இடம் தருகிறது. "வாழ்நாள் முழுவதையும் அப்படி ஒரு வினைமுற்றில் சொல்லக்கூடிய மொழி இருந்தால், அதைப் பேசுபவருக்கு நாளை என்பது என்ன?" என்று மட்டும் கேட்டு நிறுத்தினோம். அன்றிரவே அவர் மறுபடியும் பார்த்தார். மறுநாள் வந்து நம்மோடு வாதாடினார். முடிவு தெரிந்தும் அந்தப் பெண் ஏன் அதையே தேர்ந்தார் என்பது அவர் வாதம். மூளை காணாது என்றவர் அவரேதான்.

தமிழ்ப் படங்களையும் இப்படியே, குறையை மறைக்காமல் சொல்லலாம். 'இன்று நேற்று நாளை' (2015) படத்தில் கால இயந்திரம் கையில் கிடைத்த இளைஞர்கள் அதை வைத்துத் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துச் சொல்லும் சோதிடத் தொழில் நடத்துகிறார்கள். நம் சமூகத்தில் அறிவியல் எதற்குக் கையாளாகும் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்வது கடினம். பிற்பகுதி வழக்கமான ரவுடி துரத்தலாகச் சரிந்துவிடுகிறது. 'மாநாடு' (2021) காலச் சுழலை அமெரிக்கப் படங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டதை மறைக்கவும் இல்லை. 'கிரவுண்ட்ஹாக் டே' (1993) படத்தில் ஒரே நாளில் சிக்கியவன் தன்னைத் திருத்திக்கொள்கிறான். 'மாநாடு' நாயகனோ, ஒரு கொலைப்பழியை முஸ்லிம் மீது சுமத்திக் கலவரம் மூட்டும் சதியைத் தடுக்க ஒரே நாளில் திரும்பத் திரும்பச் சாகிறான். கருவி கடன் வாங்கியது; கேள்வி நம்முடையது. சுழல் ஏன் நிகழ்கிறது என்பதற்கான விளக்கத்தில் மட்டும் படம் தெய்வத்திடம் போய் ஒதுங்கிக்கொள்கிறது.

'இவற்றையெல்லாம் சேர்த்தால் தரம் தாழ்ந்துவிடும்' என்று நண்பர்கள் சொல்லக்கூடும். தரவரிசை இருந்தால்தானே தாழ்வதற்கு? காரணம் சொல்லிப் பரிந்துரைக்கும்போது ஒவ்வொரு படமும் தன் காரணத்தோடு தனியே நிற்கிறது. அக்காரணம் பொய்யென்றால் கேட்பவர் நம்மை மறுக்கலாம். எண்ணை எப்படி மறுப்பது? பட்டியல் போடுபவர் பலர் காரணம் எழுதாததற்குச் சோம்பலைக் காட்டிலும் இந்த அச்சமே காரணமாக இருக்கலாம் என்று ஐயுறுகிறோம்.

இறுதியாக ஒன்று. மௌனப்பட காலத்தில் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் திரைக்கருகே ஒருவர் நின்று கதை சொல்வார். எழுத்தட்டையின் ஆங்கிலம் புரியாதவருக்கு அவர் குரல்தான் படம். அவரை நினைத்துக்கொண்டு ஒரு ஞாயிறன்று நான்கு மாணவர்களை வீட்டுக்கு அழைத்தோம். கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962) வெறும் 28 நிமிடப் படம். ஏறக்குறைய முழுவதும் அசையாத நிழற்படங்கள்; பேசுவது ஒரே குரல். மூன்றாம் உலகப் போருக்குப் பின் பாரிஸில் நிலத்தடியில் வாழ்பவர்கள், சிறுவயதில் விமான நிலையத்தில் கண்ட ஒரு முகத்தை மறக்க முடியாத ஒருவனைக் காலத்தின் ஊடே அனுப்புகிறார்கள். அதன் உரையை ஆங்கில வழியாகத் தமிழில் எழுதி வைத்திருந்தோம். ஒலியைக் குறைத்துவிட்டு, மடிக்கணினியின் அருகே நின்று வாசித்தோம். இரண்டு இடங்களில் தடுமாறினோம். ஒரு பக்கத்தை மாற்றி வாசித்துவிட்டோம். யாரும் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் விசைத்தறிக்காரரின் மகன் கேட்டார்: "ஐயா, போட்டோவ அடுக்கியே படம் எடுக்கலாம்னா, நம்ம ஊர்லயும் எடுக்கலாம்லா?"

ஐம்பது பெயர்கள் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்குமா என்பதை நண்பர்கள் யோசிக்கட்டும்.