நீர் புகுந்த சுவடு

மும்பையின் துறைமுக ரயில் தடத்தில் குர்லாவை அடுத்துள்ள சுனாபட்டி, பெருமழையில் தண்டவாளம் மூழ்கி ரயில்கள் நின்றுவிடும் தாழ்ந்த பகுதிகளுள் ஒன்றாதலால், அங்கே பழைய சரக்கு வண்டி ஒன்றை வாங்கி வந்து நிறுத்துபவர் எஞ்சினின் ஓசையைக் கேட்பதற்கு முன் தண்ணீரின் தடயத்தைத் தேடுவதே முறை. தமிழ்நாட்டில் குட்டியானை என்றும் மும்பையில் சோட்டா ஹாத்தி என்றும் வழங்கும் டாட்டா ஏஸ் 2005இல் அறிமுகமான அதே ஆண்டில்தான், ஜூலை 26 அன்று, மும்பையின் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதன் பின்னரும் இந்நகரின் டெம்போக்கள் இடுப்பளவு நீரில் நின்ற ஆண்டுகள் பல.

விற்பவர் இடத்தில் நடக்கும் சோதனை அரைச் சோதனையே. அங்கே எஞ்சின் முன்கூட்டியே சூடேற்றப்பட்டிருக்கக்கூடும். சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புக்கு வெளியே சந்தில் ஓரிரவு நின்று குளிர்ந்த வண்டியோ எதையும் மறைப்பதில்லை. பின்சக்கரங்கள் இரண்டும் வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியாகிய டிஃபரன்ஷியல், ஓடிச் சூடேறிய நிலையில் வெள்ளத்தில் சட்டெனக் குளிரும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் எனப்படும் காற்றுத்துளை வழியே வெளிநீரை உறிஞ்சிக்கொள்கிறது. எண்ணெயைவிடக் கனமான அந்நீர் இரவில் அடியில் தங்குமாதலால், காலையில் கீழ்த்திருகைச் சற்றே தளர்த்தினால் எண்ணெய்க்கு முன் நீர்த்துளிகள் கசியும். முன்பே கலந்துவிட்டிருந்தால் எண்ணெய் பால்நிறத்தில் வரும். இருக்கை உறையை ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம். ஆனால் கடைசிவரை இழுத்த சீட் பெல்ட்டில் படிந்த வண்டல் கோட்டையும், ஃபியூஸ் பெட்டியின் செப்பு முனைகளில் பூத்த பச்சைக் களிம்பையும் துடைக்க நினைக்கும் விற்பனையாளர் அரிது.

அடுத்தது மிகைச்சுமை. பாரத்தைத் தாங்கும் வில் பட்டைகள் ஒருபுறம் தட்டையாகியிருந்தாலும், பட்டையொன்று கூடுதலாகச் செருகப்பட்டிருந்தாலும், வண்டி அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் இழுத்திருக்கிறது என ஐயுறலாம். ஓடும் எஞ்சினின் எண்ணெய் மூடியைத் திறக்கையில் புகை விசையுடன் வெளியேறுவது, பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்து எரிந்த வாயு கீழிறங்குவதன் அறிகுறியாகும். மெக்கானிக்குகள் இதனை பேக் கம்ப்ரஷன் என்பர்.

ஆவணங்களில் முதன்மையானது கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35. நிதி நிறுவனத்தின் பெயர் பதிவுச் சான்றில் நீடிக்கும் வண்டிக்கு முழுத்தொகையும் கொடுத்துவிட்டு அதன் அடியில் படுத்து எண்ணெய் பார்ப்பதில் பயனில்லை.

சி.என்.ஜி. வண்டியாயின், வாயு உருளையை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டுமென்பது விதி. அதன் தகட்டிலுள்ள தேதி கடந்திருந்தால் நிரப்பு நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடக்கூடும் என்பதால், முதல் சவாரிக்கு ஆள் பேசுவதற்கு முன் அச்சோதனைக்கான பணத்தை ஒதுக்கிவிடுவது நலம்.