மீன் செவுளில் வளரும் சிப்பி

ஹேச்சரின்னா நமக்கு கோழிக்குஞ்சுதான் ஞாபகம் வரும். நன்னீர் முத்துச்சிப்பிக்கும் ஒண்ணு இருக்குங்க. இங்கிலாந்தில் விண்டர்மியர் ஏரிக்கரையில் நன்னீர் உயிரியல் சங்கம் 2007-ல் தொடங்கியது.

நூறு வருஷத்துக்கு மேலேயும் வாழக்கூடிய ஜீவன் இது. முத்துக்காக உடைச்சே பாதியை ஒழிச்சாங்க, 1998-ல் பிரிட்டனில் முழுசா தடை வந்தது. இருந்தும் பல ஆறுகளில் இன்னிக்கு கிழடுகள் மட்டும்தான், குஞ்சு குளுவானே கிடையாது. ஏன்னு சொல்றேன், முதல்ல வளர்க்கிற கதையைப் பார்ப்போம்.

கோடை முடியும்போது ஒரு தாய்ச்சிப்பி ஓரிரு நாளில் பத்து லட்சத்துக்கும் மேல லார்வாவைக் கொட்டும். ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது உடனே ஒரு சின்ன சால்மன் இல்லேன்னா ட்ரௌட் மீனின் செவுளைக் கவ்வியாகணும், இல்லாட்டி கதை முடிஞ்சது. ஆற்றில் கிட்டத்தட்ட எல்லாமே அடிச்சிட்டுப் போயிடும். ஹேச்சரியில் மீனையும் லார்வாவையும் ஒரே தொட்டியில் விட்டு, காற்றுக்குழாய் வச்சு தண்ணியைக் கலக்குறாங்க. கொஞ்சமா ஏறினா மீனுக்குப் பெரிசா கெடுதல் இல்லை. அளவுக்கு மீறினா மீன் செத்துடும், கூடவே சிப்பியும்.

அப்புறம் அடுத்த வருஷம் கோடை ஆரம்பம் வரைக்கும், சிப்பிக்காரரோட வேலை மீனுக்குத் தீனி போடுறதுதான் :-) ஒரு தடவை சுமந்த மீனுக்கு எதிர்ப்பு சக்தி வந்துடும், அதனால வருஷா வருஷம் புதுக் குஞ்சுமீன் வேணும். அதிலும் சில ஆற்றுச் சிப்பிக்கு சால்மன்தான் சரிப்படும், சிலதுக்கு ட்ரௌட்.

செவுளிலிருந்து உதிரும்போது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தொட்டி வடிகாலில் நைஸ் சல்லடை கட்டிப் பிடிச்சு, மைக்ரோஸ்கோப்பில் எண்ணி, சரளை போட்ட ட்ரேக்கு மாத்தணும். பாசி ஊட்டணும். கூடிப்போனா தண்ணி கெட்டுடும். தட்டைப்புழு நுழைஞ்சா தின்னுடும். இது பெரிசாகி இனம் பெருக்க பத்துப் பன்னிரண்டு வருஷம். இங்கே என் மாஸ்டர்ஸே ஒரு வருஷம்தான்!

இப்போ அந்த 'ஏன்'. ஆற்றில் குஞ்சு முதல் சில வருஷம் சரளைக்குள்ள புதைஞ்சுதான் வாழும். வயல் மண்ணும் உரமும் வந்து இறங்கினா சரளை இடுக்கு அடைச்சு, உள்ளே ஆக்சிஜன் போகாது. கிழடு மேலே தலையை நீட்டிப் பிழைச்சுக்கும், குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். ட்ரேயில் வளர்த்ததை அதே சேற்றில் விட்டாலும் அதே கதிதான்னு எனக்குப் படுது. கரையோரம் மரம் நடணும், மாடு இறங்கி கரையை மிதிக்காம வேலி போடணும். வேலிக்கு அந்த மாட்டுக்காரர் சம்மதிக்கணும்.