எல்லாத்துக்கும் மாஸ்லோவா?

"ஊக்குவித்தல் கேள்வி வந்தால் மாஸ்லோவைப் போடு. முக்கோணம் கீறு, அஞ்சு படியையும் எழுது, புள்ளி வரும்." உயர்தரத்தில் வணிகக்கல்வி எடுக்கிற பிள்ளையளுக்கு எங்கட புதுக்குடியிருப்பிலயும் இதுதான் உபதேசம். இதோட எங்களுக்குச் சண்டை இருக்கு.

முதல்ல அந்த முக்கோணம். மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் அது இல்லை. பின்னால் வந்த முகாமைத்துவக்காரர் கீறினது. படிகள் இந்த ஒழுங்கில்தான் வரவேணும் எண்டும் அவர் அடிச்சுச் சொல்லேல்லை. கொள்கைக்காக எல்லாத்தையும் விடத் துணிகிற மனிதர்களை விதிவிலக்காக அவரே குறிப்பிட்டிருக்கிறார். நோட்ஸில் அந்தப் பகுதியைக் காணவே கிடைக்காது.

எங்களுக்கு அதை விளங்க நோட்ஸ் தேவையுமில்லை. 2017 பெப்ரவரி முழுக்க, கேப்பாப்புலவில் பிலவுக்குடியிருப்புச் சனம் விமானப்படை முகாம் வாசலில், றோட்டுக்கரையில் படுத்துக் கிடந்தது. பனி, நுளம்பு, ஆமிக்காரர், கைக்குழந்தையள். நித்திரையும் பாதுகாப்பும் கீழ்ப்படி எண்டால், அதை விட்டுட்டு வந்து அந்தச் சனம் கேட்டது சொந்தக் காணியை. மார்ச் 1இல் காணி விடுபட்டது. ஒரு கிழமையில், மார்ச் 8இல், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் முல்லைத்தீவில் போராட்டத்தில் குந்தினார்கள். அந்த அம்மாக்களை எந்தப் படியில வைக்கிறது?

கேள்வியே மாஸ்லோவைக் கேட்டால் மாஸ்லோவை எழுதுங்கோ, வீம்பு வேண்டாம். ஆனால் ஒரு சம்பவத்தைத் தந்து "பொருத்தமான கோட்பாட்டால் விளக்குக" எண்டால், அதில வாற ஆளைப் பாருங்கோ. கார்மென்ட்ஸில் ஒரு பிள்ளை, பக்கத்து மெசினில் அதே வேலை செய்யிறவளுக்குக் கூடச் சம்பளம் எண்டு அறிஞ்சு சோர்ந்து போறாள்: அது அடம்ஸின் சமத்துவக் கோட்பாடு. இலக்கை முடிச்சாலும் ஊக்கத்தொகை கைக்கு வராது எண்டு நம்புறாள்: அது வ்ரூம். அவருடைய கணக்கில் மூன்று காரணிகளும் பெருக்கல். ஒண்டு பூச்சியமானால் எல்லாம் பூச்சியம். இவளுக்குப் போய் "முதலாம் படி, உடலியல் தேவை" எண்டு எழுதினால், அவளின்ர கோபத்தையே அழிச்சுவிடுறம். நாளைக்கு எங்களில ஒருத்தர் அந்தத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருந்தும் அதையேதான் செய்வம்.

ஹேர்ஸ்பேர்க்கை எழுதிறவைக்கும் ஒண்டு. சம்பளம் அதிருப்தியைத்தான் குறைக்கும், ஊக்கம் தராது எண்ட முடிவுக்கு அவர் வந்தது பிட்ஸ்பேர்க் பக்கம் 203 பொறியியலாளரையும் கணக்காளரையும் விசாரிச்சு. தையல் மெசினில் இருக்கிற ஆரையும் அவர் கேட்கேல்லை. அந்த ஒரு வரியையும் விடைத்தாளில் சேர்த்து எழுதுங்கோ.